கருத்தடை மாத்திரையின் தொந்தரவுகள்: மறைத்துவைத்துச் சகிக்க வேண்டியதில்லை



சில மாதங்களுக்கு முன் நம் அறக்கட்டளைக் கட்டடத்தில் நடந்த பெண்கள் மருத்துவ முகாமுக்கு, அஸர் தொழுகைக்குப் பிறகு, ஓர் இளம் சகோதரி தம் மாமியோடு வந்தார். தலைவலி, எட்டு மாதமாக. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டே நாளை ஓட்டியிருக்கிறார். கண்ணைக் காட்டிக் கண்ணாடியும் வாங்கியாகிவிட்டது. கண்ணேறு என்று ஓதிப் பார்த்ததும் நடந்திருக்கிறது. முகாமில் பிரஷர் பார்த்தால் 150க்கு 100. வயதோ முப்பதைத் தாண்டவில்லை.

"வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க."

மாமியைப் பெயர் பதியும் மேசைக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் கேட்ட பிறகுதான், கைப்பையின் உள்ளறையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வெளியே வந்தது. கருத்தடை மாத்திரை. கடையில் கேட்டு வாங்கியது. ஆரம்பிக்கும்போது பிரஷர் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை. மாத்திரையை நிறுத்தி, டாக்டரம்மா வேறு வழி சொன்னார். ஆறேழு வாரத்தில் பிரஷர் இறங்கியது, தலைவலியும் போனது. அல்ஹம்துலில்லாஹ். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறோம். "இது அந்த மாத்திரையாலயும் வரும்னு எனக்கு யாரும் சொல்லலியே" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் மடலில் இதையெல்லாம் அச்சடிக்க வேண்டுமா என்று நிர்வாகக் குழுவில் கேள்வி எழுந்தது. இஸ்திஹாளா எனும் தொடர் இரத்தப்போக்கைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்டவர் ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி). மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் நாம் என்ன பதில் சொல்ல.

கருத்தடை கூடுமா என்ற கேள்விக்குள் இங்கே நாம் நுழையவில்லை. அஸ்ல் செய்த காலத்தைப் பற்றி ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸை ஆதாரமாக வைத்து, கணவனும் மனைவியும் ஒப்பி, தற்காலிகமான வழிகளைக் கையாளலாம் என்று ஆலிம்களில் பெரும்பாலோர் கூறியிருக்கிறார்கள். நிரந்தரமாகக் கருவை நிறுத்தும் அறுவைச் சிகிச்சை வேறு சட்டம். உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை நம் வீடுகளில் இருக்கிறது என்பதுதான் நடப்பு. அதைச் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்பதே நம் பேச்சு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் 28 மாத்திரைகள். 21 வெள்ளை, 7 பழுப்புச் சிவப்பு. வெள்ளையில் இரண்டு ஹார்மோன்கள் உள்ளன: எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம். இவை மாதாமாதம் முட்டை வெளிவருவதை நிறுத்துகின்றன, கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்குகின்றன, கருப்பையின் உள்தோலை மெல்லியதாக்குகின்றன. பழுப்பு மாத்திரை வெறும் இரும்புச் சத்து. அந்த வாரத்தில்தான் உதிரம் வரும். அந்த நாள்களில் மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், இரும்பின் வேலை அது. நம் சகோதரிகளில் சிலர், "அது கலர் மாத்திரை, சூடு" என்று அதைக் குப்பையில் போடுகிறார்கள். கருத்தடைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஏழு நாளைக் கணக்கு வைக்காமல் அடுத்த அட்டையைத் தாமதமாகத் தொடங்குகிறார்கள். அங்கேதான் பாதுகாப்பு ஓட்டையாகிறது.

இந்த ஹார்மோன்கள் கருப்பைக்கு மட்டும் போவதில்லை, இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றுகின்றன. குமட்டல், மார்பில் வலி, தலைவலி, தலைச்சுற்றல், இடையிடையே உதிரம் படுவது, சிலருக்கு மனம் சோர்ந்துபோவது, தாம்பத்திய நாட்டம் குறைவது எல்லாம் அதனால்தான். "நெனப்புதான்" என்று ஒதுக்க வேண்டிய விஷயமல்ல. 1956ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் முதல் பெரிய பரிசோதனை நடந்தபோதே பெண்கள் இவற்றைச் சொல்லிவிட்டார்கள். அங்கே பொறுப்பிலிருந்த பெண் மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை கருவைத் தடுக்கிறது, ஆனால் தொந்தரவு அதிகம் என்று அறிக்கை கொடுத்தார். மாத்திரையை உருவாக்கிய விஞ்ஞானிகளில் முதன்மையான கிரிகரி பின்கஸ் அதை ஏற்கவில்லை, பெண்களின் மனப்பிரமையாக இருக்கலாம் என்று நினைத்தார். 1960ல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அனுமதி கிடைத்தது. 1970ல் இந்த மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றி அமெரிக்க செனட் விசாரித்தபோது, சாப்பிட்ட பெண்களில் ஒருவரைக்கூடச் சாட்சிக்கு அழைக்கவில்லை. பார்வையாளர் இடத்திலிருந்து பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அதன் பிறகே, பக்கவிளைவுகளைச் சொல்லும் துண்டுத்தாளை மாத்திரையோடு சேர்த்துத் தர வேண்டும் என்று அங்கே உத்தரவாயிற்று. இன்று மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பதை நாம் பிரித்துப் பார்க்காமல் எறிகிறோமே, அந்தத் தாளுக்கு இவ்வளவு வரலாறு.

அந்தக் காலத்து மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் 0.15 மில்லிகிராம் வரை இருந்தது. புரோஜெஸ்டின் என்ற மற்ற ஹார்மோனோ ஏறக்குறைய பத்து மில்லிகிராம். இப்போதுள்ள அளவு அதில் சிறு பங்கு. ஆகவே பழைய மாத்திரையைப் பற்றி நம் நன்னிமார் கேள்விப்பட்ட பயங்கரக் கதைகளை அப்படியே இன்றைய மாத்திரையின் மேல் ஏற்ற வேண்டியதில்லை. மாத்திரை சாப்பிட்டால் பிறகு பிள்ளையே உண்டாகாது என்ற பேச்சும் தவறு. நிறுத்தியபின் கருத்தரிக்கும் தன்மை சீக்கிரமே திரும்பிவிடுகிறது. எடையைப் பொறுத்தவரை, மாத்திரையால் பெரிய அளவில் எடை கூடுவதாக ஆய்வுகளில் நிரூபணம் கிடைக்கவில்லை. சிலருக்கு நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ கூடலாம்.

இனி முக்கியமான விஷயம். சாதாரணத் தொந்தரவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில்தான் கடுமையாக இருக்கும். உடம்பு பழகியதும் தணியும். மூன்று அட்டை முடியும்வரை பொறுத்துப் பாருங்கள் என்று செவிலியர்கள் சொல்வது இதனால்தான். நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சபுராளி வீடுகளைப் பாருங்கள். மச்சான் துபையிலிருந்தோ ரியாதிலிருந்தோ டிக்கெட் போட்டாயிற்று என்று போன் வந்ததும் மாத்திரை தொடங்கும். நாற்பத்தைந்து நாளோ இரண்டு மாதமோ விடுப்பு முடிந்து விமானம் ஏறியதும் மாத்திரை நிற்கும். அடுத்த வருடம் மறுபடியும். ஆக, இந்தச் சகோதரிக்குக் கிடைப்பதெல்லாம் அந்த முதல் மூன்று மாதம்தான். கணவர் ஊரில் இருக்கும் ஒவ்வொரு முறையும் வாந்தி, எரிச்சல், உதிரம். நல்ல காலம் வருவதற்குள் அட்டை தீர்ந்துவிடுகிறது. "எனக்கு இந்த மாத்திரையே ஒத்துக்காது" என்று அவர் சொல்வது அவர் வரையில் உண்மைதான். சாப்பிடும் முறை அப்படி.

இதில் இன்னொரு கவலையும் உண்டு. கால் நரம்பில் இரத்தம் உறைவது இந்த மாத்திரையின் அரிதான, ஆனால் பெரிய ஆபத்து. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் 1 முதல் 5 பேருக்கு இது வருகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்ப காலத்தில் 5 முதல் 20 பேருக்கு. ஆக மாத்திரையின் ஆபத்து கர்ப்பத்தின் ஆபத்தைவிடக் குறைவுதான். ஆனாலும் அது அதிகமாக இருப்பது தொடங்கிய முதல் மாதங்களில். நான்கு வாரத்துக்கு மேல் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அந்த ஆபத்துக் காலமும் மறுபடி தொடங்குகிறது. வருடா வருடம் விட்டுவிட்டுச் சாப்பிடுவதைவிட, விடுப்புக் காலத்துக்கு ஆணுறையோ, பத்து வருடம் வரை வேலை செய்யும் காப்பர்-டியோ ஏற்றதா என்று கணவனும் மனைவியும் மருத்துவரிடம் கலந்து பேசுவது நல்லது. மச்சான்மார்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். இரண்டு பேருடைய காரியத்துக்கு ஒருவருடைய உடம்பு மட்டுமே விலை கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

குமட்டலுக்கு எளிய வழி, மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப்போகும் நேரத்தில் போடுவது. நேரம் மாறாமல் இருக்க வேண்டும். இஷாத் தொழுகையோடு இணைத்துக்கொண்டால் மறக்காது என்று ஒரு சகோதரி சொன்னார், நல்ல யோசனை. ரமலானிலும் நேரத்தை மாற்ற வேண்டிவராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் இன்னொன்று போட வேண்டும். நோன்பு நேரத்தில் தானாக வரும் வாந்தியால் நோன்பு முறியாது. ஒரு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்த உடனே போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள், ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து மறந்திருந்தால் மாத்திரையைத் தொடர்வதோடு ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும், செவிலியரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதவிலக்கு தொடங்கி ஐந்து நாளைக்குள் அல்லாமல் வேறு நாளில் மாத்திரையை ஆரம்பித்தாலும் அதே ஏழு நாள் கணக்குதான்.

இடையிடையே உதிரம் படுவதுதான் நம் பெண்களை அதிகம் அலைக்கழிக்கிறது. உள்தோல் மெலிந்து பழகும்வரை அங்கங்கே கசியும், நோய் அல்ல. மாத்திரையை மறந்து மறந்து சாப்பிட்டால் இன்னும் கூடும். மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தாலோ, நன்றாக நின்றிருந்து திடீரென்று தொடங்கினாலோ, தாம்பத்தியத்துக்குப் பிறகு பட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் நம் வீடுகளில் இதற்கு மேல் ஒரு தவிப்பு உண்டு: தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா? முகாமில் ஒரு சகோதரி, ஒரு மாதத்தில் 22 நாள் தொழுகையை விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தார். பட்ட துளியெல்லாம் ஹைளு என்று எண்ணிவிட்டார். இன்னொருவர் எல்லாவற்றையும் மாத்திரைக் கணக்கில் எழுதித் தொழுதுகொண்டே இருந்தார்.

மதரஸாவில் நாம் ஓதிய பாடத்தை இங்கே நினைவூட்டலாம். ஹைளின் குறைந்த அளவு ஷாஃபி மத்ஹபில் ஒரு பகலும் ஓர் இரவும், கூடிய அளவு 15 நாள். ஹனஃபி மத்ஹபில் குறைந்தது 3 நாள், கூடியது 10 நாள். இரண்டு ஹைளுக்கு இடையே குறைந்தது 15 நாள் சுத்தம் வேண்டும் என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. இந்த அளவுகளுக்குள் அடங்காத உதிரம் இஸ்திஹாளா. அதனால் தொழுகை நீங்காது, நோன்பு கெடாது. கழுவிச் சுத்தம் செய்து, துணி வைத்துக்கொண்டு, வக்து வந்தபின் உளூச் செய்து தொழ வேண்டியதுதான். உங்கள் உதிரம் எதில் சேரும் என்பது வழக்கமான நாள்களையும் மத்ஹபையும் பார்த்து ஆலிமோ ஆலிமாவோ சொல்ல வேண்டியது. அதற்கு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்றைக்குத் தொடங்கியது, என்றைக்கு நின்றது?" மருத்துவர் கேட்பதும் அதுதான். சமையலறைக் காலண்டரில் உதிரம் கண்ட நாளில் ஒரு புள்ளி, மாத்திரை மறந்த நாளில் ஒரு கோடு போட்டு வாருங்கள். அந்தக் காலண்டர் இரண்டு பேருக்கும் உதவும்.

மனச் சோர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 2016ல் டென்மார்க் நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தியவர்கள் மனச்சோர்வு மருந்தைத் தொடங்குவது சற்றுக் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. மாத்திரைதான் காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. பெரும்பாலான பெண்களுக்கு இப்படி ஆவதும் இல்லை. ஆனால் மாத்திரை தொடங்கிய பிறகு காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளைகள் மேல் சிடுசிடுப்பு வருகிறது என்று ஒரு மருமகள் சொன்னால், "ஷைத்தானுடைய வஸ்வாஸ்" என்று சொல்வதற்கு முன் அட்டையையும் கொஞ்சம் பாருங்கள். மாற்று வழி இருக்கும்போது அந்தச் சோர்வோடு காலம் தள்ள வேண்டியதில்லை.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் சில உண்டு. ஒரு காலில் மட்டும், பெரும்பாலும் கெண்டைக்காலில், வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், இதுவரை வராத மாதிரியான கடும் தலைவலி, கண் மங்குவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கைகால் மரத்துப்போவது, வயிற்றில் கடும் வலி, மஞ்சள் காமாலை. இதில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் "நான் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன்" என்பதை முதலில் சொல்ல வேண்டும். யார் பக்கத்தில் இருந்தாலும் சரி. மறைத்தால் வைத்தியம் வழிதவறும்.

சிலர் இந்த வகை மாத்திரையைத் தொடங்கவே கூடாது. பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், இரத்தம் உறைந்த வரலாறு, மார்பகப் புற்று, கல்லீரல் நோய் உள்ளவர்கள், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் இதில் அடங்குவர். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் சாப்பிடுகிறவர்களுக்கும் மாத்திரையின் பலன் குறைந்துவிடும். பிரஷரை ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை பார்த்தாலே போதும், முதலில் சொன்ன சகோதரியின் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் 'சாயா' என்ற மாத்திரை அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த சென்ட்குரோமன்தான் இது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. குமட்டல் இல்லை, தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். இதற்கும் ஒரு தொந்தரவு உண்டு: மாதவிலக்கு தள்ளிப்போகும், குறைவாகவும் படும். அதை அறியாதவர்கள் கர்ப்பமோ என்று கலங்கிப்போகிறார்கள். 15 நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களும், அண்மையில் காமாலை வந்தவர்களும் இதை எடுக்கக் கூடாது.

உம்ரா, ஹஜ் போகிறவர்கள் மாதவிலக்கைத் தள்ளிப்போடச் சாப்பிடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை வேறு. அதை அந்த வழக்கப்படி சில நாள் சாப்பிடுவதால் கருத்தடை ஆகாது. அதிலும் உதிரம் இடையில் பட்டுத் தவாஃபில் சங்கடப்பட்டவர்கள் நம்மூரிலேயே உண்டு. பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நீண்ட விமானப் பயணத்தில் நடுநடுவே எழுந்து நடக்கவும் வேண்டும்.

அடுத்த முகாமிலிருந்து, பெண்கள் டாக்டரம்மாவிடம் தனியாகப் பேசுவதற்கென்று கடைசி ஒரு மணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறோம். கூட வருகிற மாமிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்களுக்குத் தனி அறையில் டீ ஏற்பாடு உண்டு. வரும்போது மாத்திரை அட்டையையும் அந்தக் காலண்டர் தாளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.